யார் தொடலாம், யார் பெயரில் ஓடுகிறது: ஆட்டோமேஷன் மென்பொருளில் அனுமதிகளை ஒழுங்குபடுத்துவது எப்படி?

திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்குக் கொள்முதல் பிரிவிலிருந்து போன். ஒப்புதலுக்கு அனுப்பிய கோரிக்கை மேலாளருக்குப் போகவே இல்லை என்றார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் கணக்குப் பிரிவு. அவர்களுக்கு வர வேண்டிய இன்வாய்ஸ் பட்டியல் வரவில்லை. மென்பொருளைத் திறந்தால் வரிசையாகச் சிவப்புக் குறிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே வரி: இணைப்பு செல்லாது. முந்தைய வெள்ளிக்கிழமை மாலை வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கை ஐ.டி. பிரிவு முறைப்படி மூடியிருந்தது. அதில் தவறே இல்லை. ஆனால் 14 ஒர்க்ஃப்ளோக்கள் (மென்பொருள் தானாகச் செய்துமுடிக்கும் வேலை வரிசைகள்) அந்த ஒருவரின் லாகினை நம்பி ஓடிக்கொண்டிருந்தன என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் மறுபடி ஓட வைக்க மூன்று வாரம் பிடித்தது.

ஆட்டோமேஷன் மென்பொருளுக்குப் புதிதாகப் பொறுப்பேற்று, யாருக்கு என்ன அனுமதி கொடுப்பது என்று திகைத்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பவர் ஆட்டோமேட், ஜாப்பியர், என்8என், யுஐபாத் என்று எதைப் பயன்படுத்தினாலும் பொத்தான்களின் பெயர்தான் மாறும், வேலை ஒன்றேதான். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நான் 4-ஆவது படியிலிருந்து தொடங்கியதால் இரண்டு முறை கலைத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

1. இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வையுங்கள்

மற்ற மென்பொருள்களில் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம்? ஆட்டோமேஷனில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: இந்த ஒர்க்ஃப்ளோ யாருடைய அதிகாரத்தில் ஓடுகிறது?

பயிற்சிக்கு வந்த ஒருவருக்குச் சம்பளக் கோப்பைத் திறக்க அனுமதி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் அழுத்தும் ஒரு பொத்தானுக்குப் பின்னால் நிதி மேலாளரின் இணைப்பு (அவருடைய லாகினில் ஒரு கோப்பையோ வேறு மென்பொருளையோ திறக்கும் வழி) இருந்தால், அந்த ஒர்க்ஃப்ளோ அவருக்காகச் சம்பளக் கோப்பைத் திறந்து படிக்கும். பயனர் பட்டியலை எத்தனை முறை சரிபார்த்தாலும் இது கண்ணில் படாது. பட்டியலின்படி எல்லாமே சரி.

பவர் ஆட்டோமேட்டில் இதை நேரடியாகவே பார்க்கலாம். ஒருவரை இணை உரிமையாளராகச் சேர்த்தால், அந்த ஒர்க்ஃப்ளோவுக்குள் இருக்கும் உங்கள் இணைப்புகளை அவரும் பயன்படுத்துவார். இயக்க மட்டும் அனுமதி கொடுத்தால், ஒவ்வொரு இணைப்புக்கும் "இயக்குபவரின் கணக்கா, உரிமையாளரின் கணக்கா" என்று தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. அவசரத்தில் இரண்டாவதைத் தேர்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

இனி வரும் எல்லாப் படிகளிலும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனிப் பதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

2. தொடங்குவதற்கு முன் கையில் வேண்டிய ஆவணங்கள்

கணினியைத் தொடுவதற்கு முன் இவற்றைச் சேருங்கள். எனக்கு நான்கு வேலை நாள் ஆயிற்று. அதில் மூன்று நாள் பதில் மின்னஞ்சலுக்காகக் காத்திருந்தது.

மனிதவளப் பிரிவிடமிருந்து இன்றைய தேதியிட்ட பணியாளர் பட்டியல். ஒப்பந்தப் பணியாளர்களும் பயிற்சிக்கு வந்தவர்களும் பெரும்பாலும் வேறொரு பட்டியலில் இருப்பார்கள். தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

நிதி ஒப்புதல் அதிகாரப் பட்டியல்: எந்தத் தொகை வரை யார் கையெழுத்திடலாம் என்று நிர்வாகம் முடிவு செய்த காகிதம். ஒப்புதல் ஒர்க்ஃப்ளோக்களுக்கு ஆதாரம் இதுதான். மென்பொருளில் இப்போது இருப்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது காலப்போக்கில் விலகியிருக்கும்.

மென்பொருளிலிருந்து எடுத்த பயனர் பட்டியல், கடைசியாக உள்நுழைந்த தேதியோடு. கூடவே லைசென்ஸ் ஒப்பந்தமும் கடைசி இன்வாய்ஸும். எத்தனை இருக்கைக்கு (எத்தனை பயனர் இடத்துக்கு) பணம் கட்டுகிறோம், புதுப்பிக்கும் தேதி என்ன என்பது இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்த வேலையைச் செய்ய உங்களுக்கு அதிகாரம் தரும் ஒரு மின்னஞ்சல். நிர்வாகத்தில் பெரியவர் ஒருவர் எழுதி, பிரிவுத் தலைவர்கள் எல்லாருக்கும் நகல் போயிருக்க வேண்டும். நீங்கள் ஒருவருடைய அனுமதியை எடுக்கும் நாளில், "யார் சொல்லி எடுத்தீர்கள்?" என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. பதில் எழுத்தில் இருந்தால் ஒரு நிமிடத்தில் முடியும். இல்லாவிட்டால் எடுத்த அனுமதியை அன்று மாலையே திருப்பிக் கொடுக்க வேண்டிவரும், அதற்கப்புறம் யாருமே உங்களை நம்ப மாட்டார்கள்.

3. இன்றைய நிலையை அப்படியே எழுதியெடுங்கள்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, ஒரு ஒர்க்ஃப்ளோவுக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். பெயர், என்ன செய்கிறது, உரிமையாளர், யார் யார் மாற்றலாம், யார் இயக்கலாம், எந்தெந்த இணைப்புகள், ஒவ்வொரு இணைப்பும் யாருடைய கணக்கு, கடைசியாக ஓடிய தேதி, நின்றுபோனால் யார் பாதிக்கப்படுவார்கள். கடைசி இரண்டு பத்திகளையும் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். பின்னால் எதை முதலில் மாற்றுவது என்று முடிவு செய்ய அவைதான் உதவும். நூறு ஒர்க்ஃப்ளோ வரை இருந்தால் ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

இந்தப் படியில் எதையும் நீக்காதீர்கள். நின்றுபோனது போலத் தெரிவதையும்கூட. பவர் ஆட்டோமேட்டில் ஓடிய வரலாறு இயல்பாக 28 நாள்தான் தங்கும். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது மட்டும் ஓடுகிற ஒர்க்ஃப்ளோ அதில் செத்துப்போனது மாதிரியே தெரியும். நான் ஒன்றை அப்படி நினைத்து நீக்கினேன். அதன் அவசியம் ஏழு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அப்படி எப்போதாவது ஓடும் ஒர்க்ஃப்ளோக்களில் இன்னொரு பொறியும் உண்டு. கூகுள் கணக்கில் ஆறு மாதம் பயன்படுத்தாத புதுப்பிப்பு டோக்கன் (மறுபடி லாகின் கேட்காமல் இணைப்பைத் தொடர வைக்கும் மின்சாவி) செல்லாமல் போய்விடும். மைக்ரோசாஃப்டில் இயல்பாக 90 நாள் சும்மா இருந்தாலே காலாவதி ஆகிவிடும். ஆகவே ஆண்டுக்கொரு முறை ஓடுவது, ஓட வேண்டிய நாளில்தான் தோற்கும். இந்த வகையைப் பட்டியலில் வேறு நிறமிட்டு, மாதம் ஒருமுறையாவது வெறுமனே ஓட்டிப் பாருங்கள்.

4. ரோல்களை வேலையிலிருந்து எடுங்கள், ஆட்களிலிருந்து அல்ல

எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. புதியவர் வந்ததும் மேலாளர் சொல்வார்: "அவங்களுக்கு இருக்கிற மாதிரியே இவங்களுக்கும் போட்டுடுங்க." "அவங்க" பத்து வருடமாக மூன்று பிரிவில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு பிரிவிலும் வாங்கிய அனுமதி எதுவும் திரும்பப் பெறப்படவில்லை. அத்தனையும் முதல் நாளிலேயே புதியவருக்கு வந்து சேரும். இந்தக் கோரிக்கையை ஒருபோதும் ஏற்காதீர்கள். "இவர் என்ன வேலை செய்யப்போகிறார்?" என்று மட்டும் கேளுங்கள்.

ரோல் என்பது ஒரு வேலைக்குத் தேவையான அனுமதிகளின் தொகுப்பு. அதை அமைக்கும்போது பிரிவுத் தலைவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து வினைச்சொற்களை எழுதுங்கள். பார்ப்பது, இயக்குவது, ஒப்புதல் தருவது, மாற்றுவது, உருவாக்குவது, நீக்குவது, பிறருக்குப் பகிர்வது, தரவை வெளியே எடுப்பது. இந்த எட்டும் மேலே தலைப்பாக, பக்கவாட்டில் ரோல்கள், கட்டங்களில் ஆம் அல்லது இல்லை. "மாற்றுவது" என்ற ஒரே கட்டத்துக்குள் பகிர்வதையும் வெளியே எடுப்பதையும் அடக்கிவிடாதீர்கள். தரவு கசிவது பெரும்பாலும் அந்த இரண்டு வழியாகத்தான்.

நடுத்தர அலுவலகம் ஒன்றுக்கு ஐந்தாறு ரோல் போதும் என்பது என் அனுபவம். பார்வையாளர், இயக்குபவர், ஒப்புதல் தருபவர், உருவாக்குநர், பிரிவு நிர்வாகி, முழு நிர்வாகி. ரோல்களின் எண்ணிக்கை ஆட்களின் எண்ணிக்கையை நெருங்கினால் நீங்கள் ரோல் அமைக்கவில்லை, ஆளுக்கு ஒரு பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். உட்கார்ந்து அவற்றை ஒன்றாக்குங்கள்.

எந்த இரண்டு ரோல்கள் ஒரே ஆளிடம் சேரக்கூடாது என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுபவர், அந்த சப்ளையருக்கான பணப் பட்டுவாடாவை ஒப்புதல் செய்யக்கூடாது. ஒப்புதல் தருபவர், அந்த ஒப்புதல் ஒர்க்ஃப்ளோவையே மாற்றும் அனுமதி வைத்திருக்கக்கூடாது. இருந்தால் தன் படியைத் தாண்டிப்போகும் ஒரு கிளையை அவரே சேர்த்துக்கொள்ளலாம். ஆள் குறைவான இடத்தில் இரண்டும் ஒருவரிடமே இருந்தாக வேண்டிய நிலை வரும். அப்போது மாதக் கடைசியில் மூன்றாவது ஒருவர் அந்தப் பட்டுவாடாக்களின் பட்டியலைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று எழுதி வையுங்கள்.

அனுமதிகள் எப்படிக் கூடுகின்றன என்பதையும் உங்கள் மென்பொருளின் உதவிப் பக்கத்தில் படித்துவிடுங்கள். பவர் ஆட்டோமேட்டுக்குப் பின்னால் உள்ள டேட்டாவெர்ஸ் என்ற தரவுத்தளத்தில் ஒருவருக்கு இரண்டு ரோல் இருந்தால் இரண்டின் அனுமதியும் கூட்டாகக் கிடைக்கும். குறைந்த ரோலைச் சேர்த்தால் அனுமதி குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. குறையாது. பழைய ரோலை எடுத்தால்தான் குறையும். யுஐபாத்தின் நிர்வாகத் தளமான ஆர்க்கெஸ்ட்ரேட்டரில் டெனன்ட் அளவில் (அந்தத் தளம் முழுவதற்கும்) ஒரு ரோல், ஃபோல்டர் அளவில் ஒரு ரோல் என்று இரண்டு தளம் உண்டு. ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றதை மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

ரோலை ஆளுக்கு நேராகக் கொடுக்காமல் குழுவுக்குக் கொடுங்கள். ஆளைக் குழுவில் சேருங்கள். ஆள் மாறும்போது குழுவில் ஒரு பெயரை மாற்றினால் போதும்.

5. இணைப்புகளைத் தனிநபர் கணக்கிலிருந்து வெளியே எடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒர்க்ஃப்ளோக்கள் ஓட வேண்டியது சேவைக் கணக்குகளில். ஆள் யாரும் அன்றாடம் உள்நுழையாத, அந்த வேலைக்கென்றே திறந்த கணக்கு அது. ஒரே சேவைக் கணக்கை எல்லாவற்றுக்கும் வைத்துவிடாதீர்கள். அப்படி வைத்தால் அது நாளடைவில் அலுவலகத்தின் எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி ஆகிவிடும். நிதிக்கு ஒன்று, மனிதவளத்துக்கு ஒன்று, பொது அறிவிப்புகளுக்கு ஒன்று என்று பிரியுங்கள். அந்தந்தக் கணக்குக்குத் தேவையான கோப்புறையும் அஞ்சல் பெட்டியும் மட்டும் திறந்திருக்கட்டும். ஒவ்வொரு சேவைக் கணக்குக்கும் பொறுப்பாளர் ஒருவர், அவருக்கு மாற்று ஒருவர் என்று இரண்டு பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

கடவுச்சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜிமெயில் அணுகல் உள்ள டோக்கன், அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிய உடனே செல்லாமல் போகும். பாதுகாப்புக்காக ஒரு நாள் மாலை சேவைக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனால், இரவு ஓட வேண்டிய எதுவும் ஓடாது. மாற்றுகிற நாளிலேயே இணைப்புகளைப் புதுப்பிக்க ஒரு மணி நேரம் சேர்த்து ஒதுக்குங்கள்.

என்8என் போன்ற கருவிகளில் கடவுச்சொல், ஏ.பி.ஐ. சாவி (ஒரு மென்பொருள் இன்னொன்றுக்குள் நுழையப் பயன்படும் குறியீடு) போன்றவற்றைப் பிறருக்குக் காட்டாமலே பயன்படுத்தக் கொடுக்கலாம். நல்ல வசதி. ஆனால் மறைத்து வைத்திருக்கிறோம் என்ற நிம்மதியில் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு சாவியைத் தன் ஒர்க்ஃப்ளோவில் வைத்துப் பயன்படுத்த முடிகிறவர், அந்தச் சாவி திறக்கும் எல்லாத் தரவையும் எடுக்க முடியும். பயன்படுத்தும் அனுமதியும் அனுமதிதான். என்8என்னை உங்கள் சர்வரிலேயே நிறுவியிருந்தால் அதன் மறையாக்கச் சாவியைத் தனியே பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்தால் சேமித்த இணைப்பு விவரங்கள் எதையும் மீட்க முடியாது. பேக்கப் இருந்தும் பயன் இருக்காது.

வெப்ஹூக் முகவரிகளையும் (அழைத்தாலே ஒர்க்ஃப்ளோவைத் தொடங்கிவிடும் இணைய முகவரிகள்) உங்கள் பட்டியலில் சேருங்கள். சரிபார்ப்பு எதுவும் வைக்காத வெப்ஹூக்கை, முகவரி தெரிந்த யாரும் லாகின் இல்லாமலே இயக்கலாம். வேலையை விட்டுப் போனவரின் பிரவுசரில் அந்த முகவரி புக்மார்க்காக இருக்கக்கூடும்.

பிறகு, ஒர்க்ஃப்ளோ எதைப் படித்து முடிவெடுக்கிறது என்று பாருங்கள். எங்கள் ஒப்புதல் ஒர்க்ஃப்ளோ பூட்டிய பூட்டுக்குள் இருந்தது, மாற்றும் அனுமதி இரண்டே பேருக்கு. ஆனால் யாருடைய ஒப்புதலைக் கேட்க வேண்டும் என்பதை அது பகிரப்பட்ட ஓர் எக்செல் தாளிலிருந்து எடுத்தது. இரண்டாவது பத்தியில் பிரிவு, மூன்றாவதில் தொகை வரம்பு, நான்காவதில் ஒப்புதல் தருபவரின் மின்னஞ்சல். அந்தத் தாளைத் திருத்தும் அனுமதி அலுவலகத்தில் எல்லாருக்கும் இருந்தது. நான்காவது பத்தியில் தன் மின்னஞ்சலை எழுதிவிட்டால் யாரும் ஒப்புதல் அதிகாரி ஆகலாம். யாரும் அப்படிச் செய்யவில்லை. ஆனால் ஆடிட்டர் வந்து கேட்கும்வரை அது திறந்தே கிடந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. உங்கள் பட்டியலில் "எங்கிருந்து படிக்கிறது" என்று ஒரு பத்தி சேர்த்து, அந்தக் கோப்புகளின் அனுமதியையும் ஒர்க்ஃப்ளோவுக்கு இணையாக இறுக்குங்கள்.

6. செலவை முதலிலேயே கணக்குப் போடுங்கள்

பணம் போகும் இடங்கள் நான்கு. முதலாவது இருக்கைகள். உருவாக்குநருக்கு ஒரு விலை, இயக்குபவருக்கு ஒரு விலை என்று பிரித்து வாங்க முடிகிற மென்பொருள் என்றால், உங்கள் ரோல் அட்டவணையே லைசென்ஸ் பட்டியலாகவும் ஆகிவிடும். பார்வையாளர்களுக்கு உருவாக்குநர் லைசென்ஸ் வாங்கி வைத்திருப்பது அப்போது தெரியவரும்.

இரண்டாவது சேவைக் கணக்குகள். அவற்றுக்கும் லைசென்ஸ் வேண்டியிருக்கும், பட்ஜெட்டில் யாரும் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் பல இடங்களில் தனிநபர் கணக்கிலேயே ஓட்டுகிறார்கள். இந்தச் செலவுக்கு அனுமதி கேட்டு அதிகாரிக்குக் கடிதம் எழுதும்போது ஒரு நாள் ஒப்புதல்கள் நின்றால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்.

மூன்றாவது, ஒற்றை உள்நுழைவு, அதாவது அலுவலகத்தின் ஒரே லாகினில் பல மென்பொருள்களைத் திறக்கும் வசதி. ஆள் வெளியேறும்போது கணக்கைத் தானாக மூடும் ஸ்கிம் என்ற வசதியும் பெரும்பாலும் இதோடு சேர்ந்து வரும். பல மென்பொருள்களில் இவை மேல்தட்டுத் திட்டங்களில்தான் கிடைக்கின்றன. ரோல்களை நீங்களே வடிவமைக்கும் வசதி, நீண்ட நாள் தணிக்கைப் பதிவு ஆகியவற்றுக்கும் இதே கதி. எந்த வசதி எந்தத் திட்டத்தில் என்று விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே ரோல் அட்டவணையை முடிவு செய்யுங்கள். கையில் இல்லாத வசதியை நம்பித் திட்டம் போட்டுவிட்டு நடுவில் நிற்கக்கூடாது.

நான்காவது ஆட்களின் நேரம். அதை யாரும் எழுதுவதில்லை, நீங்கள் எழுதுங்கள்.

லைசென்ஸ் மிச்சம் பிடிக்க ஒரே லாகினை நான்கு பேர் பகிர்வதை மட்டும் அனுமதிக்காதீர்கள். பல ஒப்பந்தங்கள் அதைத் தடுக்கின்றன. யார் ஒப்புதல் கொடுத்தார் என்று கேட்கும் நாளில் பதிவேட்டில் நான்கு பேருக்கும் ஒரே பெயர்தான் இருக்கும். ஆண்டுச் சந்தா என்றால், தேவையில்லாத இருக்கைகளைக் குறைக்கும் கோரிக்கையை, சந்தா புதுப்பிக்கும் தேதிக்கு எத்தனை நாள் முன்பே கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பார்த்துக் காலெண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

7. முழு நிர்வாகிகளை எண்ணிக் கொடுங்கள்

மைக்ரோசாஃப்ட் தன் உலகளாவிய நிர்வாகி ரோலை ஐந்துக்கும் குறைவான பேருக்கே கொடுக்கச் சொல்கிறது. அவசரத்துக்கென்று தனியே இரண்டு கணக்குகளையும் வைத்திருக்கச் சொல்கிறது. ஆட்டோமேஷன் மென்பொருளுக்கும் நல்ல அளவுகோல் இது. ஒரே ஒரு நிர்வாகி இருப்பதும் ஆபத்து, அவருக்கு உடம்பு முடியாமல் போனால் கதவு திறக்க ஆள் இருக்காது.

நிர்வாகிகள் அன்றாட வேலைக்கு வேறு கணக்கையும் நிர்வாகத்துக்கு வேறு கணக்கையும் பயன்படுத்தட்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு, உறையிலிட்டு, அலுவலகத்தின் பூட்டிய அலமாரியில் வையுங்கள். போனிலேயே வைத்திருந்து போன் தொலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

பவர் ஆட்டோமேட் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும்: இயல்புச் சூழலில் (ஒர்க்ஃப்ளோக்களை வைக்கத் தானாகவே கிடைக்கும் பொது இடம்) நிறுவனத்தின் எல்லாப் பயனருக்கும் உருவாக்குநர் ரோல் தானாகவே கிடைத்துவிடும். ஆகவே முக்கியமான ஒர்க்ஃப்ளோக்களை அங்கே வைக்காமல் தனிச் சூழலுக்கு மாற்றுங்கள்.

8. சோதனைக் கணக்கில் புகுந்து பாருங்கள்

நிர்வாகிக் கணக்கிலிருந்து பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு சோதனைக் கணக்கு உருவாக்கி, தனி பிரவுசர் சன்னலில் உள்நுழைந்து, செய்யக்கூடாததைச் செய்து பாருங்கள். செய்யக்கூடியது நடக்கிறதா என்று பயனர்களே சொல்லிவிடுவார்கள். செய்யக்கூடாதது நடக்கிறதா என்பதை உங்களைத் தவிர யாரும் சொல்ல மாட்டார்கள்.

பார்வையாளர் ரோலில் நுழைந்து சம்பள உயர்வு ஒர்க்ஃப்ளோவைத் திறந்தேன். படிவத்தில் தொகை மறைந்திருந்தது. மகிழ்ச்சியோடு ஓடிய வரலாற்றைச் சொடுக்கினேன். மூன்றாவது படியின் உள்ளீட்டை விரித்தால் பெயர், பழைய சம்பளம், புதிய சம்பளம், மேலாளரின் குறிப்பு எல்லாம் வரி வரியாகக் கிடந்தன. படிவத்தைத்தான் பூட்டியிருந்தோம், வரலாற்றைப் பூட்டவில்லை. பவர் ஆட்டோமேட்டில் ஒவ்வொரு படியின் அமைப்பிலும் உள்ளீட்டையும் வெளியீட்டையும் வரலாற்றில் மறைக்கும் வசதி இருக்கிறது. சம்பளம், மருத்துவம், அடையாள எண் தொடும் எல்லாப் படியிலும் அதை இயக்குங்கள்.

அதே கணக்கில் இருந்துகொண்டே இன்னும் மூன்று இடம் பாருங்கள். தேடல் பெட்டியில் தலைப்பாவது கசிகிறதா, ஏற்றுமதிப் பொத்தான் திரையில் மறைத்த பத்திகளையும் சேர்த்துத் தருகிறதா, அறிவிப்பு மின்னஞ்சலின் உடலில் முழு விவரமும் போகிறதா. சோதனை முடிந்ததும் அந்தக் கணக்குகளை முடக்கிவிடுங்கள்.

9. மாற்றும் நாள்

மாதக் கடைசியிலும் முதல் வாரத்திலும் வேண்டாம், சம்பளமும் கணக்கு முடிப்பும் அப்போதுதான். வெள்ளிக்கிழமையும் வேண்டாம். மாதத்தின் நடுவில், செவ்வாய் அல்லது புதன் காலை நல்லது. ஒரே நாளில் எல்லாப் பிரிவையும் மாற்றாமல், பாதிப்பு குறைவான ஒரு பிரிவை முதலில் எடுத்து இரண்டு வாரம் கவனியுங்கள்.

மூன்று வேலை நாளுக்கு முன் பயனர்களுக்கு ஒரு மின்னஞ்சல்: என்ன மாறுகிறது, எப்போது, ஏதாவது திறக்கவில்லை என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும். அனுமதியை எடுக்கும்போது முதலில் முடக்குங்கள், 30 நாள் கழித்து நீக்குங்கள். முடக்கியதை ஒரு சொடுக்கில் திருப்பலாம். மாற்றத்துக்கு முந்தைய நிலையின் பட்டியலை அன்றைய தேதியிட்டுச் சேமித்து வையுங்கள். முதல் நாள் நிறைய அழைப்பு வரும். ஒவ்வொன்றையும் குறித்து வைத்து, ரோலில்தான் பிழையா, அந்த ஆளுக்கு வேண்டாத அனுமதியா என்று பார்த்த பிறகே திருத்துங்கள். தொந்தரவு தாங்காமல் அந்த ஒருவருக்கு மட்டும் தனி அனுமதி கொடுப்பதில்தான் பழைய குழப்பம் மறுபடி தொடங்கும்.

10. வருகிறவர், இடம் மாறுகிறவர், போகிறவர்

வருகிறவருக்கு ஒரு படிவம்: பெயர், பிரிவு, ரோல், யார் ஒப்புதல் தந்தார், ஒப்பந்தப் பணியாளர் என்றால் முடியும் தேதி. முடியும் தேதியை மென்பொருளிலும் போடுங்கள்.

இடம் மாறுகிறவர்தான் நழுவிப்போகிறார். புதிய அனுமதி கேட்டு அவரே வருவார், பழையதைத் திருப்பிக் கொடுக்க யாரும் வர மாட்டார்கள். மனிதவளப் பிரிவின் இடமாற்ற ஆணை உங்களுக்கும் நகலாக வரும்படி செய்துகொள்ளுங்கள். வேலையை ஒப்படைக்க இரண்டு வாரம் பழைய ரோல் இருக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

விடுப்பில் போகிறவர் தன் கடவுச்சொல்லைக் கீழே உள்ளவரிடம் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் இருந்தால், அதற்குப் பதிலாக ஒப்புதலை மாற்றி அனுப்பும் வசதியைத் தொடக்க, முடிவுத் தேதிகளோடு அமைத்துக் கொடுங்கள்.

போகிறவரின் கணக்கை அவருடைய கடைசி நாளிலேயே முடக்க வேண்டும். ஆனால் வேலையை இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். உங்கள் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடுங்கள். உரிமையாளராக இருக்கும் ஒர்க்ஃப்ளோக்கள், அவர் கணக்கில் இருக்கும் இணைப்புகள், அவர் உருவாக்கிய ஏ.பி.ஐ. சாவிகள், ஒப்புதல் பட்டியல்களில் அவர் மின்னஞ்சல். நான்கையும் வேறொருவர் பெயருக்கு மாற்றி, அவர் அலுவலகத்தில் இருக்கும்போதே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒற்றை உள்நுழைவில் கணக்கை மூடிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணாதீர்கள். மனிதர் உள்ளே வரும் கதவை மட்டுமே அது மூடும். அவர் உருவாக்கி வைத்த ஏ.பி.ஐ. சாவி தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கலாம், அதைத் தனியாகத்தான் ரத்து செய்ய வேண்டும்.

கணக்கை நீக்கிய பிறகுதான் ஏதோ விட்டுப்போனது தெரிந்தால், நேரம் மிகக் குறைவு. மைக்ரோசாஃப்ட் கணக்கை நீக்கிய 30 நாளுக்குள் மீட்கலாம், கூகுள் ஒர்க்ஸ்பேஸில் 20 நாள். அதனால்தான் முடக்கம் முதலில், நீக்கம் பிறகு.

11. மறுபார்வைக்குத் தேதி குறியுங்கள்

கார்டு பணப் பரிமாற்றத் தரவைத் தொடும் நிறுவனம் என்றால் பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். தரநிலையின் 4.0.1 பதிப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பயனர் அனுமதிகளைப் பரிசீலிக்கச் சொல்கிறது. 90 நாள் பயன்படுத்தாத கணக்குகளை முடக்கவோ நீக்கவோ வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தத் தரநிலை உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் இந்த இரண்டு எண்களை வைத்துக்கொள்ளுங்கள். நிதியும் சம்பளமும் தொடும் ரோல்களை நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். சேவைக் கணக்குகளும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

பிரிவுத் தலைவருக்கு முழுப் பட்டியலை அனுப்பி "சரியா?" என்று கேட்டால் "சரி" என்று ஒரே வார்த்தையில் பதில் வரும், யாரும் படித்திருக்க மாட்டார்கள். அவருடைய ஆட்களை மட்டும் எடுத்து, ரோலின் பெயரைப் போடாமல், வேலையாக எழுதிக் கேளுங்கள்: "இவர் இப்போதும் சப்ளையர் இன்வாய்ஸ்களுக்கு ஒப்புதல் தருகிறாரா?" அப்படிக் கேட்ட முதல் தடவை எனக்கு வந்த பதில்களில் மூன்று, "அவர் அந்த வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறதே" என்று இருந்தன.

பதில் தரப் பத்து வேலை நாள் கொடுங்கள். ஏழாவது நாள் ஒரு நினைவூட்டல். பத்தாவது நாளும் பதில் வராத வரிகளில் உள்ள அனுமதி முடக்கப்படும் என்பதை முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள், பதினோராவது நாள் முடக்குங்கள். வந்த பதில்களை அப்படியே பி.டி.எஃப். ஆக்கித் தேதியிட்ட கோப்புறையில் போட்டுவிட்டு, அடுத்த மறுபார்வையின் தேதியை உங்கள் காலெண்டரிலும் மாற்று நிர்வாகியின் காலெண்டரிலும் சேருங்கள்.